பெங்களூரு மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம்: இடம் பார்ப்பது முதல் அடுத்த போகம் வரை

ஊரிலிருந்து வரும்போது விதைப் பொட்டலத்தோடு பட்டக் கணக்கையும் சேர்த்தே கொண்டுவருவது நம் வழக்கம். ஆடியில் போட்டால் வெண்டை, தையில் போட்டால் கொடிக்காய் என்று மனப்பாடமாக இருக்கும். பெங்களூரில் அந்தக் கணக்கு பாதிதான் பலிக்கும். ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குகின்றன. மழை ஜூனில் தூறலாகத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில்தான் உச்சத்துக்குப் போகிறது. ஏப்ரல், மே மாலைகளில் இடியும் காற்றும் சில நாள் ஆலங்கட்டியும் உண்டு. இந்த வானத்துக்கு ஏற்றபடி நாள் பார்த்து விதைத்தால், சென்னையில் எண்ணிப் பார்க்கவே முடியாத பீன்ஸ், நூல்கோல், கேரட்கூட மாடியிலேயே விளையும்.

நான்கு பேர் உள்ள குடும்பம், 100 சதுர அடி மாடி, முதல் வருடம் என்று வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. முதல் வருடத்திலேயே 40, 50 பை வைக்க வேண்டாம். 12 சிறிய பை, 2 பெரிய பை, கீரைக்கு 2 தட்டு போதும். தினமும் அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடிய அளவு அதுதான்.

மாடி தாங்குமா, ஒழுகுமா

ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள ஒரு பையில் மேலே 2 அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவில் கலந்து தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தப் பை 20 கிலோ சுற்றி நிற்கும். வெறும் செம்மண்ணை நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டும். பைகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 11 பை வந்துவிடும், அதாவது 220 கிலோ. ஒரு பையின் மையத்திலிருந்து அடுத்த பையின் மையம் வரை ஒன்றரை அடி இருக்கும்படி வைத்தால் 5 பைதான் வரும், 100 கிலோவோடு நின்றுவிடும். செடிக்கும் காற்றோட்டம் கிடைக்கும். மேலே சொன்ன 12 பை, 2 பெரிய பை, 2 தட்டு எல்லாம் சேர்ந்து 450 கிலோ அளவில் வரும். 100 சதுர அடியில் பரப்பி வைக்க இது தாங்கக்கூடிய எடை. கனமான பைகளைச் சுவரும் பீமும் கீழே ஓடும் இடத்தில் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி முனையில் வேண்டாம். வீடு பழையதாக இருந்தாலோ, கூரை ஷீட்டாகவோ கல் பாவியதாகவோ இருந்தாலோ, பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஒழுகல் சோதனை எளிது. தண்ணீர் வெளியேறும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் முதலில் பூச்சு வேலை, அப்புறம்தான் தோட்டம். வாடகை வீடானால் ஓனரிடம் இதைச் செய்து காட்டிவிட்டே பையை மாடிக்கு ஏற்றுங்கள். பிற்பாடு எங்கே ஈரம் கசிந்தாலும் பழி தோட்டத்தின் மேல்தான் விழும்.

பையைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. அடியில் ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், வேர் துளை வழியாக இறங்கித் தரை விரிசலைத் தேடும். இரும்பு ஸ்டாண்டு நல்லது. இல்லாவிட்டால் ஹாலோ பிளாக் இரண்டை வைத்து அதன்மேல் வையுங்கள். அரை அடி உயரம் இருந்தால் அடியில் துடைப்பம் போகும், தண்ணீரும் தடையில்லாமல் ஓடும். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்குவதும் வேண்டாம். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தேக்கமே போதும்.

வெயில் எங்கே விழுகிறது

காய்க்கும் செடிக்கு 5, 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும். காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய், நிழல் விழும் இடத்தைச் சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கட்டடம், மாடிப்படி அறை மூன்றும்தான் பெரும்பாலும் நிழலைக் கொண்டுவருபவை.

பலர் கவனிக்காத ஒன்று: இந்த நிழல் வருடம் முழுக்க ஒரே இடத்தில் இராது. பெங்களூரு 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். டிசம்பரில் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். 3 அடி உயரமுள்ள தெற்குக் கைப்பிடிச் சுவருக்கு நண்பகலில்கூட 2 அடிக்கு மேல் நிழல் விழும். மே மாதத்தில் அந்தச் சுவர் ஓரம் வெயிலாக இருந்ததென்று தக்காளியை வைத்தவர்களுக்கு, குளிர்காலத்தில் செடி உயரமாக நீண்டு பூ மட்டும் குறைந்துபோகும். அந்த ஓரத்தில் கீரைத் தட்டை வையுங்கள், அல்லது ஸ்டாண்டை உயர்த்துங்கள். பந்தல் வடக்குப் பக்கமாக இருக்கட்டும், மற்ற செடிகளை மறைக்காது.

நான்காவது, ஐந்தாவது மாடியில் ஜூன், ஜூலை மேற்குக் காற்று கடுமையாக வீசும். மேற்குப் பக்கம் 35 அல்லது 50 சதவீத நிழல் வலையை 4 அடி உயரத்துக்குக் கட்டினால் காற்று மட்டுப்படும். கெட்டியான தார்ப்பாயைக் கட்டினால் காற்று அதைக் கிழித்துவிட்டுத்தான் போகும்.

தண்ணீர்க் கணக்கு

இந்தத் தோட்டத்துக்கு ஏப்ரலில் நாளொன்றுக்கு 30 லிட்டர், டிசம்பரில் அதில் பாதி தேவைப்படும். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தத் தடை போட்டு, 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆகவே வாரியம் தரும் காவிரித் தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள். அரிசி, பருப்பு, காய்கறி கழுவும் தண்ணீரைப் பிடித்துவைத்தால் ஒரு குடும்பத்தில் தினம் 8, 10 லிட்டர் தேறும். 100 சதுர அடி ஷீட்டில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டர் வருகிறது. 200 லிட்டர் டிரம் ஒன்றை வலை மூடியோடு வைத்தால் மழைக்காலத்தில் அதுவே நிறையும்.

போர்வெல் தண்ணீரானால் வேறொரு சிக்கல். பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்தால் தண்ணீர் கடினமானது என்று பொருள். அதில் உள்ள பைகார்பனேட் கலவையின் காரத்தன்மையை மெல்ல ஏற்றும், அப்போது மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். இப்படிப்பட்ட தண்ணீர் உள்ள வீட்டில் அடுப்புச் சாம்பலைப் பையில் போடவே கூடாது, காரம் இன்னும் ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 முதல் 5 கிராம் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலையில் தெளித்தால் 10 நாளில் பச்சை திரும்பும். நல்ல மழை வரும்போது பைகளைத் திறந்த வெளியில் விட்டு உப்பை அலசவிடுங்கள். போர்வெல்லோடு ஆர்ஓ எந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுநீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். உப்பு முழுதும் அதில்தான் வந்து சேர்கிறது.

எந்தக் காய், எத்தனை செடி

புதிதாகத் தொடங்குபவர்கள் வகைக்கு ஒரு செடி என்று பத்து வகை வைப்பார்கள். ஒரு வெண்டைச் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். ஒரு பொரியலுக்குக் காய் சேர்வதற்குள் முதல் காய் முற்றி நாராகிவிடும். 6 செடி இருந்தால்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிப்பது சமையலுக்கு ஆகும். எனவே வகையைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சிறிய பைகளில் தக்காளி 4, கத்தரி 3, மிளகாய் 2, மீதி 3 பைகளில் பைக்கு இரண்டாக வெண்டை 6 செடி. 15 அங்குலப் பெரிய பை இரண்டில் ஒன்றில் அவரை, மற்றதில் புடலை, பாகல், பீர்க்கு மூன்றில் ஏதாவது ஒன்று. இரண்டு அடிக்கு ஒன்றரை அடித் தட்டு இரண்டில் கீரை, இரண்டு வார இடைவெளியில் மாற்றி மாற்றி. சுரை, பூசணி முதல் வருடத்துக்கு வேண்டாம். இடத்தையும் தண்ணீரையும் அவையே விழுங்கிவிடும்.

விதைக்கு அலைய வேண்டியதில்லை. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா' ரகங்கள் இந்த ஊர்ச் சூழலில் உருவானவை. அங்கே நேரிலும் இணையத்திலும் கிடைக்கும். லால்பாக்கில் உள்ள நர்சரிமென் கூட்டுறவுச் சங்கத்திலும் விதை விற்கிறார்கள். தக்காளியில் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். ஆனால் அது கலப்பினம், அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் குணம் பிரிந்துவிடும். சொந்த விதை வேண்டுமானால் அர்கா விகாஸ். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்கும் அர்கா அனாமிகா. பந்தல் தேவைப்படாத பீன்சுக்கு அர்கா கோமல். திரும்பத் திரும்ப வெட்டக்கூடிய தண்டுக்கீரைக்கு அர்கா சுகுணா.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைப் பருப்புக்கென்றே மேளா நடக்கிற ஊர் இது, அந்த நாட்டு அவரை இங்கே நன்றாக வரும். ஆனால் பகல் பொழுது குறையும்போதுதான் அது பூக்கும். ஜூன், ஜூலையில் விதைத்தால் நவம்பரில் பூத்து ஜனவரி வரை காய் தரும். பிப்ரவரியில் விதைத்தால் மாதக்கணக்கில் கொடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், உரக் குறை என்று நினைத்து உரம் போடப் போடக் கொடி இன்னும் நீளும். மற்ற மாதங்களில் அவரை வேண்டுமானால் அர்கா ஜய், அர்கா விஜய் என்ற, கொடி ஓடாத குத்து ரகங்களைப் போடுங்கள். அவை பகல் நீளம் பார்ப்பதில்லை.

இந்த ஊர்ப் பட்டம்

ஜூன் முதல் ஜூலை நடு வரை: நாட்டு அவரை, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள். மழை தூறலாக இருப்பதால் நாற்று பிடிக்க ஏற்ற காலம்.

செப்டம்பர் நடுவில் நாற்று விட்டு அக்டோபர் பாதிக்கு மேல் நடவு: தக்காளி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல். பீன்ஸ், முள்ளங்கி, கேரட், பீட்ரூட், பட்டாணியை அதே அக்டோபர், நவம்பரில் நேரடியாக விதைக்கலாம். வருடத்தின் சிறந்த பருவம் இதுதான். ஒரே ஒரு பருவம்தான் முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை: வெண்டை, வெள்ளரி, பாகல், பீர்க்கு, கொத்தவரை. கீரையை எப்போதும் போடலாம். கனமழை வாரங்களில் மட்டும் தட்டை ஒதுக்குப்புறமாக வையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. டிசம்பர் குளிரில் வெண்டை, புடலை விதைப்பது: மண் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காமல் ஊறிக் கெட்டுவிடும். ஆகஸ்டில் தக்காளியை நடுவது: செடி வளர்ந்து நிற்கும் நேரத்தில் செப்டம்பர் மழையும் குளிரும் சேர்ந்து இலைக்கருகலைக் கொண்டுவரும், நான்கே நாளில் செடி வெந்தது போல் ஆகிவிடும்.

பையும் கலவையும்

புற ஊதாக் கதிர் தாங்கும் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் பை, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அல்லது அதற்கு மேல் வாங்கினால் நான்கைந்து வருடம் உழைக்கும். மெல்லிய கறுப்புக் கவர் ஒரே கோடையில் பொடிந்துவிடும். அடியிலும் பக்கத்தில் ஓர் அங்குல உயரத்திலும் துளைகள் இருக்க வேண்டும்.

இந்த அளவுக்கு 390 லிட்டர் கலவை தேவை. கலக்கும்போது பத்தில் ஒரு பங்கு அமுங்கிப்போவதால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்: செம்மண் 50 கிலோ மூட்டை 4, அழுத்திய தென்னை நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ அளவில் 2, மண்புழு உரம் 80 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ, வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைத் தூளான டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ. செம்மண் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து அள்ளியதாக இருக்கக் கூடாது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும்.

எல்லோரும் அவசரப்படும் இடம் தென்னை நார்க்கழிவு. ஒரு கட்டியை 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் 65, 70 லிட்டருக்கு விரியும். அதை அப்படியே கலந்தால் அதிலுள்ள உப்பு நாற்றின் இலை நுனியைக் கருக்கும். ஊறியதைச் சாக்கில் அள்ளிப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி பிழிய வேண்டும். பிழியும் தண்ணீர் முதலில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வரும். இரண்டு மூன்று முறை அலசி, இளந்தேயிலை நிறத்துக்கு வந்ததும் போதும்.

தார்ப்பாயில் மூன்றையும் சம அளவில் கொட்டி, வேப்பம் புண்ணாக்கையும் 800 கிராம் டிரைக்கோடெர்மாவையும் தூவி, புட்டு மாவு பதத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடித்தால் தண்ணீர் சொட்டினால் செம்மண்ணோ ஈரமோ அதிகம். உருண்டையே பிடிபடாவிட்டால் நார்க்கழிவு அதிகம். ஈரச் சாக்கால் மூடி நிழலில் 15 நாள் வையுங்கள். வேப்பம் புண்ணாக்கு மக்கும்போது வரும் சூடு அதற்குள் அடங்கிவிடும். கலந்த அன்றே நட்டால் அந்தச் சூடு வேரைத் தாக்கும். மாடி எடை பற்றி ஐயம் இருப்பவர்கள் செம்மண் 1, நார்க்கழிவு 2, உரம் 2 என்ற விகிதத்துக்கு மாறலாம். எடை குறையும், ஆனால் தண்ணீரும் உரமும் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கும்.

விதைப்பும் நாற்றும்

தக்காளி, கத்தரி, மிளகாய், கோஸ் வகைகளைக் குழித்தட்டில் நாற்றுவிட்டு நடுங்கள். குழியில் நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் பாதிப் பாதி. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு விதை. தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும், மிளகாய் குளிரில் இரண்டு வாரம்வரை எடுக்கும், அவசரப்பட்டுக் கிளறாதீர்கள். நாற்று தரையோடு தரையாக மடிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல், காரணம் ஈரம் மிஞ்சியதுதான். காலையில் ஒருவேளை மட்டும் தெளிப்பானால் நனையுங்கள், மேல்மண் மாலைக்குள் சற்று காய வேண்டும். நாற்று நீண்டு வெளிறிப்போனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள், ஜன்னலோரம் வைப்பதால் வருவது. தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் நடலாம். அதற்கு முந்தைய ஐந்தாறு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

வெண்டை, பீன்ஸ், அவரை, கொடிக்காய், முள்ளங்கி, கேரட்டைப் பையிலேயே நேரடியாக விதைக்க வேண்டும். கேரட், முள்ளங்கி நாற்றைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைவிட்டுக் கோணும். வெண்டையை இரவு முழுக்க ஊறவையுங்கள். பாகல், புடலை விதையின் கூர்முனையில் நகவெட்டியால் மேலோட்டை மட்டும் சிறிது கிள்ளி ஊறப்போட்டால் நான்கைந்து நாள் முன்னதாகவே முளைக்கும். கீரை விதையை நான்கு மடங்கு மணலோடு கலந்து தூவினால் அடர்த்தி சீராக இருக்கும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்க ஒரு பிடி ரவையைச் சேர்த்துத் தூவுவது பழைய பழக்கம், இன்றும் பலன் தருகிறது.

நடவு, பந்தல், புறா

மாலை 5 மணிக்கு மேல் நடுங்கள். தக்காளி நாற்றை மட்டும் கீழ் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டு பாதி புதையும்படி நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மற்றவற்றைக் குழித்தட்டில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைத்தால் தண்டு அழுகும். தக்காளிக்கு அன்றைக்கே 4 அடிக் குச்சி ஊன்றிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து ஊன்றினால் வேர் அறுபடும்.

நட்ட மறுநாள் காலை புறா வரும். தின்பதற்கு இல்லை, ஈர மண்ணைக் கிளற. நாற்று மல்லாந்து கிடக்கும். நடவன்றே ஓர் அங்குலக் கண்ணி உள்ள நைலான் வலையைப் பைகளின் மேல் இரண்டு வாரம் போட்டுவையுங்கள். அணில் தொல்லை காய் பழுக்கும்போது வரும். தக்காளியில் இளஞ்சிவப்பு படர்ந்ததும் பறித்து உள்ளே பழுக்கவைத்தால் ருசியில் குறை இருக்காது.

கொடிக்கு 6 அடி உயரத்தில், 5 அடிக்கு 5 அடிப் பந்தல். கால்களைக் கைப்பிடிச் சுவரில் துளையிட்டுப் பொருத்தாதீர்கள், அங்கேதான் ஒழுகல் ஆரம்பிக்கும். பழைய பெயிண்டு வாளியில் கம்பத்தை நிறுத்திக் காங்கிரீட் ஊற்றினால் நிற்கும்.

தண்ணீரும் உரமும்

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மேல்மண் காய்ந்ததைப் பார்த்து ஊற்றுவதால்தான் மாடித் தோட்டத்தில் பாதிச் செடி வேரழுகிப் போகிறது. வெயிலில் நண்பகல் தொய்ந்து மாலையில் நிமிரும் செடிக்குத் தண்ணீர்க் குறை இல்லை. காலையிலேயே தொய்ந்திருப்பதுதான் குறை.

நட்ட 20 நாள் கழித்து, 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு பிடி மண்புழு உரம். இடைப்பட்ட வாரத்தில் கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூடிபோட்டு இரண்டு நாள் ஊறவைத்து, 10 மடங்கு தண்ணீர் சேர்த்துப் பைக்கு அரை லிட்டர். மூன்றாம் நாளுக்கு மேல் வைத்தால் நாற்றம் அடுக்குமாடி முழுக்கப் பரவிச் சண்டை வரும். பூக்கத் தொடங்கியதும் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, அல்லது மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறிய கரைசல்) 3 மில்லி, காலையில் தெளிக்கலாம். இலை கரும்பச்சையாக அடர்ந்து பூ வராவிட்டால் புண்ணாக்கை நிறுத்துங்கள், தழைச்சத்து மிஞ்சிவிட்டது.

பூ இருக்கிறது, காய் இல்லை

கொடிக்காயில் முதல் பத்து, பதினைந்து நாள் ஆண் பூ மட்டும் வரும், அது இயல்பு. பெண் பூவின் அடியில் பிஞ்சு போல் ஒரு சிறு காய் இருக்கும். நாலாவது மாடியில் தேனீ வரத்துக் குறைவாக இருந்தால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தேயுங்கள். நேரம் முக்கியம்: பாகல், வெள்ளரி காலையில் விரிபவை, 9 மணிக்குள் செய்ய வேண்டும். பீர்க்கும் சுரையும் புடலையும் மாலை மங்கும்போது விரியும். பீர்க்குக்குக் காலையில் போய் முயன்றால் வாடிய பூதான் கையில் கிடைக்கும்.

தக்காளிக்கு இரண்டாவது பூ தேவையில்லை. காலை 10 மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்துத் தோல் போல் அழுந்தினால் அது நோயில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது சுண்ணாம்புச் சத்து காய் முனைவரை போய்ச் சேராததால் வருவது. முட்டை ஓட்டுத் தூள் மக்கி உதவ மாதக்கணக்காகும். தண்ணீரைச் சீராக்கி, மேலே காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் அடுத்த காய்களில் நின்றுவிடும்.

பூச்சியும் நோயும்

வாரத்தில் இரண்டு நாள் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு முதல் மருந்து வேகமான தண்ணீர்ப் பீய்ச்சல். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லியை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் நுரைக்கக் கலக்கிப் பிறகு ஒரு லிட்டராக்கி, மாலையில், வாரம் ஒருமுறை. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மிளகாய் இலை சுருள்வதைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே மருந்தை அடிக்கிறார்கள். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் இலைப்பேன். தண்ணீர்ப் பீய்ச்சலும் வேப்பெண்ணெயும் கேட்கும். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் அது மைட் எனப்படும் சிலந்திப்பேன்; நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம்தான் அதற்கு. வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

கத்தரியில் நுனித்தளிர் மட்டும் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விட்டுவைத்தால் அடுத்தது காய்க்குள் போகும். வெண்டை இலை நரம்பு மஞ்சள் வலை போல் தெரிந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான், வைரசுக்கு மருந்து கிடையாது. டிசம்பர், ஜனவரியில் கொடிகளிலும் வெண்டையிலும் வெள்ளைப் பொடி பூசியது போல் சாம்பல் நோய் வரும். வெண்டையில் அதற்கும் நனையும் கந்தகம், கொடிகளில் இலை கருகக்கூடும் என்பதால் அது வேண்டாம்.

தரைத்தளத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை பெரிய எதிரி. ஓர் இரவில் கீரைத் தட்டைக் காலி செய்துவிடும். இரவு 9 மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணியை அது சுமப்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது, அந்தப் பருவத்துக் கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே உண்ண வேண்டும். நத்தை மருந்துக் குருணையைத் தெருநாய், பூனை நடமாடும் இடத்தில் தூவாதீர்கள்.

பறிப்பதும், அடுத்த போகமும்

வெண்டை நுனி விரலால் முறித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஒருநாள் பிந்திவிட்டது. கீரையை 25 நாளில் இரண்டு அங்குலக் கட்டை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கத்தரியின் பளபளப்பு மங்குவதற்குள் பறியுங்கள். முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூ குறையும், அதனால் சமையலுக்கு வேண்டாவிட்டாலும் பறித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

செடி ஓய்ந்ததும் பிடுங்கி வேரைப் பாருங்கள். நூல் கோர்த்த மணி போல் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு வந்துவிட்டது. அந்தக் கலவையை மார்ச், ஏப்ரலில் ஈரமாக்கித் தார்ப்பாயில் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். முடிச்சில்லாத கலவைக்கு அவ்வளவு வேண்டாம். வேரை உதறி, கால் பங்கு புது மண்புழு உரமும் பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து இரண்டு வாரம் ஆறவிட்டால் போதும். தக்காளி இருந்த பையில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்காமல் பீன்சோ கீரையோ போடுங்கள். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. அக்டோபர் தக்காளி பிப்ரவரியில் முடிந்தால் அந்தப் பையில் உடனே கொத்தவரை, அது மே கடைசியில் ஓய்ந்ததும் ஜூனில் குத்து அவரை என்று கணக்கு வைத்துக்கொண்டால் பை எதுவும் சும்மா கிடக்காது.